ஒற்றைக் கைக்கு ஒரு படகு

என் படகு அட்லின் கிரேஸை விற்கப்போகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஊர் விண்ட்வர்டில் ஒருவரும் நம்பவில்லை. குடித்துவிட்டு உளறுகிறேன் என்றார்கள். அன்று நான் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் வலது தோள் பிப்ரவரியில் போய்விட்டது. பாய்க்கயிற்றை இழுக்கும்போது உள்ளே ஏதோ கிழிந்தது, எனக்கே காதில் கேட்டது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தூக்கினால்தானே கூடாது, தூக்கவே வரவில்லை! நாற்பது அடிப் படகு, பாய்மரம் அதைவிட உயரம். கயிறு இழுக்க மூன்று பேர் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுக்கான் பிடியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக மூட்டைபோல் உட்கார என்னால் ஆகாது. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை யார் கையிலும் கொடுத்ததில்லை. நான் இல்லாமல் அந்தப் படகு பாய் விரித்ததே கிடையாது.

பெக்குவே தீவிலிருந்து கெஸ்டர் என்பவன் வாங்க வந்தான். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவன். ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். மணலில் மல்லாந்து படுத்து அடிப்பக்கம் பார்த்தான். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, காத்துக்கு எதிர திரும்புறப்ப இவ எப்படி?"

"அவசரப்படுத்தாத. அவளா திரும்புவா. நீ காத்திரு."

அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் கைக்குத்தான் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவன் அவளை ஓட்டிக்கொண்டு போன காலையில் நான் கடற்கரைக்கே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் துவரைச் செடிகளுக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தேன், இடது கையால். அழுதேனா என்று கேட்காதீர்கள். என் மனைவி ஐடோராதான் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆடு வெட்டி, முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கோடரியால் சாய்த்து, ஊரே கயிறு பிடித்துப் படகைக் கடலில் இறக்கிய நாளில், பெயரை மூடியிருந்த துணியை இழுத்துத் திறந்த, படகின் ஞானத்தாய் அவள்தான். அப்போது எங்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

சரி, விற்றாயிற்று. இனி ஒற்றைக் கையால் ஓட்டக்கூடிய ஒரு சின்னப் படகு வேண்டும். ஆகஸ்ட் படகுப் பந்தயத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் அப்படித்தான், "இந்த ஒரு வருஷம் போகட்டும்" என்று கரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கால் கடல் தண்ணீரில் நனையவே இல்லை. நாற்காலியிலேயே உப்பிப்போய், ரேடியோ கேட்டே செத்தார். அந்தப் பயம் எனக்கு.

நான்கு மாதம் தேடினேன். யூனியன் தீவில் ஒன்று பார்த்தேன், முன்முனையான அணியம் மொட்டையாக இருந்தது. கிரெனடாவில் ஒன்று, பலகைக்குள் புழு. ஹில்ஸ்பரோவில் ஒன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் முகமே பிடிக்கவில்லை. ஊரில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "லின்டன் படகு தேடல, மருமக தேடுற மாமியாரு மாதிரி குத்தம் தேடுறான்" என்று கடைவாசலில் என் காதுபடவே சொன்னார்கள். போங்கடா என்று வந்துவிட்டேன். ஆனால் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை கடைசியில் ஐடோரா கரண்டியோடு வந்து நின்றாள்.

"பெட்டி மார்டினிக்ல என் சித்தி மகன் ப்ராஸ்பர் ஒரு சின்னப் படக விக்கிறானாம். போய்ப் பாரு. வாங்கிட்டு வா, இல்ல அங்கயே இரு. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கே கடலுக்குப் போயிரலாம்னு தோணுது."

போனேன். எங்கள் ஊருக்கு நேர் எதிரே இருக்கும் தீவு அது. படகின் பெயர் பெனிட்டா. பதினாறு அடி, ஒரே பாய், ஒற்றைக் கைக்குப் போதும். ஆனால் அணியத்தில் தண்ணீர் கசிந்தது. ஏறி உட்கார்ந்து, ப்ராஸ்பரும் நானுமாக இரண்டு தீவுகளுக்கும் நடுவிலிருக்கும் நீரோட்டத்துக்கு ஓட்டிப்போனோம். நான் சுக்கான் பிடித்தேன், அவன் பழைய பெயின்ட் டப்பாவால் தண்ணீர் இறைத்தான்.

"என்ன மச்சான் இது, படகா சல்லடையா?"

"மரம் காஞ்சிருக்கு மச்சான். ரெண்டு நாள் தண்ணியில கெடந்தா ஊறி அடைச்சிக்கும்."

"எனக்குப் பாடம் நடத்தாத. இத நான் வாங்கப்போறதில்ல."

"வாங்காட்டிப் போ. தண்ணியாச்சும் நீ இறை, என் கை வலிக்குது."

அப்போதுதான் வடக்கே ஒரு பாய் தெரிந்தது.

எங்கள் ஊரில் படகின் பெயரைப் படிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. தொடுவானத்தில் நகக்கண் அளவு பாய் தெரிந்தாலே போதும், யாருடையது, யார் ஓட்டுகிறான், நேற்று என்ன குடித்தான் என்றுகூடச் சொல்லிவிடுவோம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் இந்தப் பாயை எனக்கு அடையாளம் தெரியவில்லை. புதுப் பாய், செம்மண் நிறம். உடம்பு கரும்பச்சை. யூனியன் தீவுப் பக்கமிருந்து முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு வந்தது.

"யாரது?" என்றேன். ப்ராஸ்பர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி தண்ணீரை இறைத்தான்.

அது கிட்டே வந்தது. அறுபத்து நான்கு வயதில், பிறந்ததிலிருந்து படகு பார்த்தவன் சொல்கிறேன், அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அன்று அலை பெரிது. பெனிட்டா அதில் குதித்து எங்கள் பல்லை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படகோ அலை இருப்பதாகவே கண்டுகொள்ளவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தண்ணீரில் நனைத்தும் நனைக்காமலும், நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. வேகம் மட்டும் பயங்கரம். எங்கள் ஊரில் வரைபடம் வைத்துப் படகு கட்டுவதில்லை. ஒருவர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அங்க கொஞ்சம் செதுக்கு" என்பார், அவ்வளவுதான். எந்த மகராசன் ஒரு கண்ணை மூடி இதைப் பார்த்தான்? நான் வாய்விட்டு "ஆண்டவரே!" என்றேன், அது வேண்டுதலாகத்தான் வந்தது.

நாற்பது கஜ தூரத்தில் கடந்தபோது தோளை மறந்து எழுந்து நின்று கத்தினேன்.

"யாரு படகு அது? யாரு கட்டினது? விலைக்கு வருமா? வீட்ட வித்தாவது குடுக்கறேன்!"

எனக்குப் பின்னால் பெயின்ட் டப்பா விழுந்தது. ப்ராஸ்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகுக்குள்ளே, தேங்கிய தண்ணீரிலேயே, உட்கார்ந்துவிட்டான். சிரிப்பா, அழுகையா தெரியவில்லை.

அந்தப் படகு எங்களைத் தாண்டி, காற்றுக்கு எதிராகத் திரும்பியது. திரும்பும்போது நடுவில் ஒரு கணம் நின்றது. ஓட்டியவன் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தான். அப்போது பின்பக்கம் எனக்கு நேராக வந்தது. பச்சைப் பெயின்டுக்கு மேல் வெள்ளை எழுத்து. படிக்கக்கூட இல்லை நான். அதற்குக் கீழே இரண்டாவது பலகையில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டவன் நான்.

"லின்டன் அண்ணே!" கெஸ்டர் கைகளைக் குவித்துக் கத்தினான். "பந்தயத்துக்கு வந்திருக்கோம்! பெயின்டும் பாயும் மட்டுந்தான் மாத்துனேன், பேரத் தொடல! விலைக்கா கேட்டீங்க?"

பலகை பலகையாகத் தொட்டிருக்கிறேன். நங்கூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மணலில் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் பாய் விரித்து ஓடும்போதெல்லாம் நான் அவளுக்குள்ளேதானே இருந்தேன்! முப்பத்தோரு வருஷம் நான் பார்த்தது அவளுடைய பாயின் அடியையும் முன்னால் போகிற மற்றப் படகுகளையும்தான்.

கெஸ்டர் பாயைத் தளர்த்திப் பக்கத்தில் கொண்டுவந்தான். கயிற்றேணியைக்கூடப் போட்டுவிட்டான்.

"ஏறுங்கண்ணே. ஒரு சுத்து நீங்க பிடிங்க. சத்தியமா நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

என் இடது கை ஏணியைப் பிடித்துவிட்டது. பிடித்த கையை நானே பார்த்தேன். பிறகு விட்டேன்.

"வேணாம் தம்பி. ஏறினா எனக்குத் தெரியாது."

"என்னது தெரியாது?"

"அவதான். நீ அந்தப் பக்கம் போயி, சுத்திட்டு, மறுபடி இப்படியே வா. கிட்ட வராத. நான் பாக்கணும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்புறம் புரிந்துகொண்டான். மூன்று தடவை போய்வந்தான், புண்ணியவான். மூன்று தடவையும் நான் நின்றுகொண்டேதான் பார்த்தேன். மூன்றாவது தடவை எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது, அதைத் துடைக்கக் கையில்லை, இருந்த கையில் சுக்கான்.

"மச்சான், நம்ம முழுகுறோம்" என்றான் ப்ராஸ்பர் மெதுவாக.

"இறை. இந்தப் படக நான் வாங்கிட்டேன்."

"ஓட்டையோடயா?"

"இதுல நின்னுதானே அவளப் பாத்தேன். இறைடா!"

வீட்டுக்குப் போனபோது ஐடோரா சங்குச் சதையைத் தட்டி மென்மையாக்கிக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் சொல்ல ஆரம்பித்தேன். அவ எப்படி இருக்கா தெரியுமா ஐடோரா, எப்படிச் சாயுறா தெரியுமா, எனக்குச் சொல்ல வரலை ஐடோரா என்று தடுமாறினேன். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

"திரும்புறப்ப நடுவுல கொஞ்சம் நிப்பா" என்றாள். "மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி. அப்புறம் தலையச் சாய்ச்சிக்கிட்டுக் கிளம்புவா. அதானே?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஏன் மனுஷா, முப்பத்தோரு வருஷமா தெனம் கடற்கரை மேட்டுல ஏறி நின்னு யாரப் பாத்தேன்னு நெனச்ச? உன்னையா?"

என்னைத்தான் என்று நினைத்திருந்தேன். கர்த்தர் சாட்சியாக, முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ இறங்கி வந்து பாத்திருப்பியாக்கும்." சங்கை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சின்னப் படகுல இன்னொரு ஆளு உக்கார எடமிருக்கா?"

இருக்கிறது என்றேன். தண்ணீர் இறைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.