கட்டையின் கறுப்பு முகம்

அந்த நூல் மில்லில் யாரையும் அடிக்கக் கூடாது. முதலாளி டல்செல் போட்ட சட்டம் அது. ஸ்காட்லாந்தின் க்ளைட் ஆற்றங்கரையில் மற்ற மில் மேஸ்திரிகளின் இடுப்பில் தோல்வார் தொங்க, இங்கே மட்டும் நூல் நூற்கும் பெண்கள் ஒவ்வொருத்தியின் தலைக்கு மேலும் ஒரு சின்ன மரக்கட்டை தொங்கியது. நாலு பக்கம், நாலு நிறம். நன்றாக வேலை செய்தவளுக்கு வெள்ளை, சுமாருக்கு மஞ்சள், அதற்கும் கீழே நீலம், மோசம் என்றால் கறுப்பு. சாயங்காலம் மேஸ்திரி திருப்பிவிட்டுப் போவான். மறுநாள் முழுக்க எல்லோரும் பார்ப்பார்கள். மனிதனைச் சுற்றியிருப்பதைத் திருத்தினால் மனிதன் திருந்துவான், லாபமும் கூடும் என்பது முதலாளியின் கட்சி. லாபம் கூடியது உண்மைதான்.

மேஸ்திரி கிலெஸ்பிக்கு அதில் ஏகப் பெருமை. பழைய மில்லில் வாரை வீசி வீசித் தோள் கழன்றவன் அவன். இங்கே வந்த பிறகு அவன் கை யார் மேலும் பட்டதில்லை.

நூற்கிறவர்களில் ஒருத்தியான கிர்ஸ்டிக்குக் கறுப்புப் போட்ட அன்றும் படவில்லை. இருமல் தாளாமல் அவள் அடிக்கடி வேலையை விட்டு விலகி நிற்க, நூல் அறுந்துகொண்டே இருந்தது.

"மேஸ்திரி, நீலமாவது போடுங்களேன். நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க."

"நாளைக்கு நல்லா செய், வெள்ளையே போடறேன்" என்றான் சிரித்துக்கொண்டே.

விடிவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் கிலெஸ்பி அவளுடைய கட்டையை வெள்ளைக்குத் திருப்பினான். செத்தவளுக்கு இதாவது செய்வோம் என்று நினைத்தான். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், கறுப்பு. மறுபடி திருப்பினான், மறுபடி கறுப்பு. சாவியோ அவன் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. இயந்திரங்களின் இரைச்சலுக்குள் யாரோ இருமுவது கேட்டது. கட்டையைக் கழற்றி ஆற்றில் எறியலாம் என்றால் அதற்கும் துணிச்சல் வரவில்லை. பயம், வேறென்ன.

கிர்ஸ்டியோடு ஒரே அறையில் குடியிருந்த எஃபியைப் பிடித்தான்.

"யாருடி இது, செத்தவ பேர்ல விளையாடறது?"

"கட்டையத் தொட்டா வேலை போயிடும். எங்களுக்கு என்ன பைத்தியமா?"

"அப்ப யாரு?"

எஃபி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு நெசமாவே தெரியாதா, மேஸ்திரி?"

அவள் பேயைத்தான் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

இந்த லட்சணத்தில் லண்டனிலிருந்து கனவான்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் மெச்சினால் நாடு முழுக்க மில்களில் இதே கட்டை தொங்கும். "ஒரு கறுப்புக்கூட கண்ணுல படக்கூடாது. பட்டா நீ வேற மில்லப் பாத்துக்கோ" என்று முதலாளி அன்பாகவே சொல்லிவிட்டார். அவர் எதையும் அன்பாகத்தான் சொல்வார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் கிலெஸ்பி பதறப் பதற வெள்ளைக்குத் திருப்பினான். காலையில் அவன் கதவைத் திறந்தபோதே விருந்தாளிகள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

பெண்கள் உள்ளே போய் வேலையைத் தொடங்கினார்கள். கனவான்களில் ஒருவர் கைத்தடியை நீட்டினார். "ஆளே இல்லாத எடத்துல கறுப்பு எதுக்கு?"

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. "கிலெஸ்பி, திருப்பு அத."

திருப்பினான். வெள்ளை வந்தது. அப்பாடா என்று இரண்டடி பின்னால் வந்தவன், மறுபடி முன்னால் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு கை மேலே எழும்பி, கட்டையைப் பிடித்து, நிதானமாகக் கறுப்புக்குத் திருப்புவதைப் பார்த்தான். அது அவனுடைய கைதான்.

கனவான்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அவர்களை அடுத்த அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கிலெஸ்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை போனது அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அது பெரிதாகப் படவில்லை.

"நானா?" என்றான் எஃபியிடம்.

இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று அவள் அவன் காதருகே வந்தாள். "தெனமும் நீங்கதான். வெள்ளையாக்கிட்டு வாசல் வரைக்கும் வருவீங்க. திரும்பிப் போய்க் கறுப்பாக்கிட்டு, அப்புறந்தான் பூட்டுவீங்க. நாங்க எல்லாரும் வாசல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தோம்."

"சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? அந்தக் கறுப்ப உங்களுக்கு நீங்களே போட்டுக்கறீங்கன்னு நெனச்சோம். அதனாலதான் இத்தன நாளா ஒருத்தியும் உங்க மூஞ்சில காறித் துப்பல."