சுகாசினி பொட்டு வைத்த விமானம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை படுக்கையை விட்டு எழுந்த கமல் தரையில் கால் வைக்கவில்லை. ஒரு முழம் மேலே நின்றான். செவிலிமேட்டைத் தாண்டியிருக்கும் அந்தக் கல்லூரியின் ஏரோஸ்பேஸ் துறையில் இதற்குக் காரணம் சுகாசினி என்று எல்லோருக்கும் தெரியும். பூஜையன்று காற்றோட்டச் சோதனைக்கான விண்ட் டனல் தொடங்கி ஸ்குரூ டிரைவர் வரைக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டே போனவள், விண்ட் டனலில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிய கமலுக்கும் அதே வேகத்தில் வைத்துவிட்டாள். அதோடு குங்குமம் தீர்ந்தது. அவளும் கமலும் சேர்ந்து செய்த புராஜெக்ட் விமானம் பொட்டில்லாமல் மூலையில் கிடந்தது. பாழாய்ப்போன அவசரம்!

கமல் நாளுக்கு நாள் உயர உயர மிதப்பது விடுதிக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. மெஸ்ஸில் கோயில் இட்லியைக் கைநீட்டி மேலே கொடுத்தார்கள். ஃபேன் போடுமுன் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். சுகாசினிதான் விமானத்தை மறுபடி மறுபடி கிளப்பிப் பார்த்தாள். அது ஷேர் ஆட்டோ மாதிரி தரையிலேயே ஓடியது. தேர்வாளர் முன்னால் அது பறக்காவிட்டால் இருவருக்கும் ஒரு வருடம் வீண். புதுக் குங்குமம் வாங்கி அதற்கு வைத்தும் பார்த்தாள். பூஜை முடிந்தபின் வைத்தால் யார் மதிப்பார்கள்?

தேர்வாளர் குமரகுரு வெளியூரிலிருந்து வந்தார். விமானம் மைதானத்தைச் சுற்றி ஓடி மெஸ் வாசலில் போய் நின்றது. கமலோ, காற்று தன்னைப் பக்கத்து ஊரான ஓரிக்கைப் பக்கம் இழுத்துப் போகாதபடி கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உயரே மிதந்தான். குமரகுரு அவனையே விமானமாக எண்ணிக் குறிப்பெடுத்தார்: சத்தமில்லை, ஆட்டமில்லை, எரிபொருள் பொங்கல்.

"டிசைன் யாருதும்மா?"

"அவங்க அம்மாது சார். கங்கையம்மாள்."

அவர் சிரிக்கவில்லை. சுகாசினி பாஸ், விமானத்துக்கு மார்க் போட விதியில்லை, அதனால் கமலுக்குக் கிடையாது என்றார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேருந்தான் சார் கண்ணு முழிச்சி செஞ்சிக்கினு இருந்தோம். அவனுக்கு இல்லன்னா எனக்கும் வேணாம் சார்."

குமரகுரு பேனாவை மூடினார், திறந்தார், அண்ணாந்து பார்த்தார். "ஏம்பா, எப்படிக் கீழ எறங்குவ?"

"தெரில சார்," என்றான் கமல்.

"விமானம்னா தெரிஞ்சிருக்கும். இவன் ஸ்டூடன்ட்தான்," என்று அவனையும் பாஸ் போட்டார்.

பட்டமளிப்பு விழாவுக்குள் கமல் மிதக்கும் உயரம் இன்னும் கூடிவிட்டது. மேலிருந்தபடியே பட்டத்தை வாங்கினான். போட்டோவில் இரண்டு கால்கள் மட்டுமே விழுந்தன. கங்கையம்மாள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். முகம் எங்கே என்று யாராவது கேட்டால், "எம் புள்ள காலு எனக்குத் தெரியாதாபா?" என்கிறாள்.