கையை மடியில வைங்க

ஒத்துழைப்புன்னா என்னன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கூட்டிட்டு வந்தாங்க. வயிறு எரியுது, சொல்றேன் கேளுங்க.

நானும் என் நாத்தனாரும் ஒரே பாட்டில் ஆலையில, ஒரே பெல்ட்டுல வேலை. என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷன் விட்டுட்டுப் போனதுலேர்ந்து எங்க கூடத்தான் இருக்காங்க. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. "தம்பி வீட்டுல தண்டச்சோறு தின்றவ இல்லை நான்"னு அப்பப்ப சொல்லிக்காட்டலைன்னா அவங்களுக்குத் தூக்கம் வராது. அந்தத் திமிரெல்லாம் இந்த வேலை கொடுத்ததுதான்.

அவங்களுக்குக் காது போயி ரொம்ப நாளாச்சு. வீட்டுக்கு வெளிய யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? அந்த ஹால்ல பாட்டில் உருள்ற சத்தத்துல எவளுக்கும் எதுவும் கேக்காது. எங்க பேச்செல்லாம் கையாலதான். முஷ்டியைத் தூக்கினா பெல்ட்டை நிறுத்து, மூக்கைச் சொறிஞ்சா மேனேஜர் வர்றார். வம்பு பேசறதுகூட விரலாலதான். அதுல நாத்தனாரை அடிச்சுக்க ஆளே இல்லை.

பயிற்சி நடந்தது மாடியில, ஏசி ரூம்ல. ஊசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. பயிற்சி கொடுக்க வந்தவர் சிரிச்ச முகமா இருந்தார். ரெண்டு ரெண்டு பேரா முதுகோட முதுகு ஒட்டி உட்காரணுமாம். ஒருத்தர் கையில ஒரு படம் கொடுப்பாங்க. அதைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் வரையணும். "திரும்பிப் பார்க்கக்கூடாது. சொல்றவங்க கையை மடியில வைங்க. தினமும் பக்கத்துல நிக்கறவங்க ஜோடி சேரக்கூடாது"ன்னார்.

நாத்தனாருக்கு ஜோடி மேனேஜர்.

நான் சட்டுன்னு எழுந்துட்டேன். "சார், அவங்களுக்கு உடம்பு சரியில்லை, நான் அவங்களோட உட்கார்றேன்"னேன். "பயப்படாதீங்கம்மா, விளையாட்டுதானே"ன்னார் அந்த மகராசன்.

மேனேஜர் கையில கப்பல் படம். நிதானமா சொல்லிட்டே போனார். நாத்தனார் என்ன பண்ணுவாங்க? எதிர் ஜோடிக்குக் கொடுத்தது வேற படம்னு தெரியாம, அவங்க வரையறதை ஓரக்கண்ணால பார்த்து ஒரு வீடு வரைஞ்சாங்க; கதவு, ஜன்னல் எல்லாம் அழகா. தூக்கிக் காட்டினப்போ எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பயத்துல நானும்தான் சிரிச்சேன். மேனேஜர் சிரிக்கலை. எழுந்து அவங்க பின்னாடி நின்னுக்கிட்டு "அம்மா"ன்னு கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம் காதுக்குப் பக்கத்துல கையைத் தட்டினார். எங்க சிரிப்பெல்லாம் நின்னுடுச்சு. அவங்க மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.

மறுநாளே வேலை போச்சு. சரக்கு வண்டி ஹாரன் கேக்காதவங்களை ஹால்ல வெச்சுக்கக்கூடாதாம். விதியாம். "அங்க யாருக்குய்யா ஹாரன் கேக்குது?"ன்னு கத்தினேன். "அவங்க நல்லதுக்குத்தான்மா"ன்னார் மேனேஜர். நல்லதாம்! நாசமாப் போக.

அன்னைக்குச் சாயந்திரம் சாப்பிட உட்கார்ந்தோம். "இனிமே அக்கா வீட்டுலயே இருக்கட்டும், உனக்கும் ஒத்தாசையா இருக்கும்"னார் என் வீட்டுக்காரர், பெரிய மனசு பண்ற மாதிரி. அவர் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க நாத்தனார். எப்பவும் சோத்துப் பானையைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டு, உப்பு பத்தலைன்னு என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிடற பொம்பளை. அன்னைக்குப் பானையைத் தொடலை. தட்டு காலியானதும் என் முகத்தைப் பார்த்தாங்க.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கட்டுமா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க.