நேரம் தப்பி அடித்த மணி

மார்த்தா பென்சன் எடுத்த மாதமே ஒரு கமரா வாங்கினாள். அது வங்காலைக்கு நல்ல பகிடியாகப் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோர்க் கதிரையை விட்டு அசையாத மனுசி, டொக்டர் நடக்கச் சொன்னார் என்று விடியக்காலையில் களப்புக் கரைக்குப் போய்க் கொக்கையும் உள்ளானையும் படம் பிடித்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒரே கிழமையில் தபாலக்கா கொக்கக்கா ஆனாள். அவளுக்கு அதில் கோபமில்லை. தினமும் அந்தக் களப்பில் கால் வைக்கிற சனம், அங்கே என்ன பறவை நிற்கிறது என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அவளுக்கும் ஊர்மேல் ஒரு இளக்காரம் இருந்தது.

அதே வருடம்தான் புருசன் அமிர்தநாயகத்துக்கு மறதி தொடங்கியது. கோயில் மூப்பராக முப்பது வருடம் முன்னுக்கு நின்று செபம் சொல்லிக் கொடுத்த மனுசன். முதலில் வீட்டுத் திறப்பைப் பூட்டிலேயே மறந்தார். பிறகு வீட்டுக்கு வரும் ஒழுங்கையை மறந்தார். போன மாரியிலிருந்து மார்த்தாவைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று கேட்கிறார். மரியாதையாகத்தான் கேட்பார். ஏசினால்கூடத் தாங்கியிருப்பாள், இந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மகள் றோஸ்மேரி யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரி. அவளுடைய சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது. "இந்தக் கிழமைக்குள்ள சொல்லுங்கோ அம்மா. உங்களாலை தனிய ஏலாது" என்று தினமும் போனில் கெஞ்சினாள். "நான் சாகேல்லை இன்னும். அவரை நான் பாப்பன்" என்று மார்த்தா தினமும் போனை வைத்தாள். கட்டிய புருசனை வேறு ஆட்கள் குளிப்பாட்ட விட்டுவிட்டு வீட்டில் தனியே சோறு தின்ன அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு வருடமாக அவள் ஒரு இரவும் முழுதாக நித்திரை கொள்ளவில்லை. அதை மகளுக்குச் சொன்னதுமில்லை.

காலை நடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவாள். கரையில் முள்ளுக் குடைபோல ஒரு உடைமரம். அதன் கீழே அவரை இருத்தி, கையில் செபமாலையைக் கொடுத்தால், மணி மணியாக உருட்டிக்கொண்டு அசையாமல் இருப்பார். அந்த ஒரு மணித்தியாலம்தான் மார்த்தாவுக்குச் சொந்தம். எதிரே தண்ணீர் முழங்காலளவுதான், பிள்ளைகளும் நடக்கலாம். ஆனால் நடுவிலே வள்ளங்கள் போய்வருகிற ஓடை ஆளைத் தாழ்க்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் உப்புவெளி. அங்கே போகிறவர்கள் வடக்கே பற்றை மூடிக் கிடக்கிற அணையால் சுற்றித்தான் போவார்கள்.

அன்றைக்கு நண்டு தின்னி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த சொண்டோடு, ஆளைக் கண்டதும் பறந்துபோகிற பறவை. மூன்று மாரி அவளை ஏய்த்த பறவை அது. அன்றைக்கு என்ன நினைத்ததோ, இருபது முழத்துக்குள் வந்து நின்று ஒரு நண்டை அடித்து உதறியது. மார்த்தா மூச்சை அடக்கிக்கொண்டு சேற்றில் முழங்கால் குத்தினாள். அது பறந்த பிறகுதான் எழும்பித் திரும்பினாள்.

உடைமரத்தின் கீழே ஆளில்லை.

"இஞ்சேருங்கோ!" என்று கூப்பிட்டாள். பிறகு பெயர் சொல்லியே கூப்பிட்டாள். கலியாணம் கட்டி நாற்பது வருடத்தில் அவள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு ஆளைக் காணவில்லை என்றால் புத்தி கடலுக்குத்தான் ஓடும். கடல்பக்கம் ஓடினாள். மணலில் நாயின் கால்தடம்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் கோயிலில் மணி அடிக்கிற பஸ்ரியனுக்கு அடித்தாள்.

"மூப்பரைக் காணேல்லையடா! மணியை அடி. சனத்தைக் கூப்பிடு!"

அந்த ஊரில் நேரம் தப்பிக் கோயில் மணி அடித்தால், வள்ளம் கவிழ்ந்தது, வீடு எரியுது என்று அர்த்தம். பஸ்ரியன் நிறுத்தாமல் அடித்தான். ஒழுங்கைகளில் சைக்கிளும் சனமுமாக ஓடிவருகிற சத்தம் கேட்டது. கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த அபூசாலி நானா வலையைப் போட்டுவிட்டு வந்தார். "எந்தப் பக்கம் போனவர் தங்கச்சி?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எடுத்த படங்களைக் கமராவில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

பறவை, பறவை, பறவை. ஒரு படத்தில் பறவையின் முதுகுக்கு அப்பால், தெளிவில்லாமல், அணைப் பற்றைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று. அவருடைய சேட்டு. படத்தின் மூலையில் ஆறு ஐம்பத்திரண்டு என்று இருந்தது. இப்போது ஏழேகால் தாண்டிவிட்டது. இவள் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் நடந்திருக்கிறார்.

"உப்புவெளியிலை நானா! அங்காலை!" என்று கத்தினாள். அபூசாலி வள்ளத்துக்கு ஓடினார். மெசின் கிளம்ப மறுத்து இருமியது.

தூரத்தைக் கிட்ட இழுக்கிற கமரா அது. மார்த்தா அதைக் கண்ணில் வைத்து மறுகரையைத் துழாவினாள். பூநாரைக் கூட்டம் ஒன்று ஓரிடத்தில் விலகி வழிவிட்டது. அங்கே நின்றார். காய்ந்த மண்ணில், ஒரு கீறலும் இல்லாமல். "மாதாவே" என்றாள். அழுகை வந்தது.

அப்போது அவர் சாரத்தை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். சேட்டுப் பொத்தானைப் பூட்டினார். இரண்டு கையாலும் தலைமயிரை வழித்துவிட்டார். பூசைக்குப் பிந்திவிட்டால் வீட்டு வாசலில் நின்று அவர் செய்கிற வேலை அது. அவருக்கு மணி கேட்டுவிட்டது. கோயிலைப் பார்த்தபடி நேரே வரத் தொடங்கினார். நடுவில் ஓடை. அந்த மணியை அடிக்கச் சொன்னது அவள்.

கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. போகட்டும் என்று நினைத்தாள். இதுதான் உண்மை, இதை எப்படிப் பூசி மெழுகுவது? மணி கூப்பிட, கோயிலுக்கு என்று நினைத்தபடியே போகிறார், பயமில்லாமல் போகிறார், போகட்டும் என்று நினைத்தாள். நாளைக்குக் காலையில் "நீங்கள் ஆர்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள். விரல் பழக்கத்தில் கமராப் பொத்தானில் அமர்ந்தது. தண்ணீர் அவருடைய முழங்காலில். மறுபடி அமர்ந்தது. தொடையில். மறுபடியும். இடுப்பில்.

பிறகுதான் கத்தினாள். "நானா! ஓடைக்குள்ள இறங்கீற்றார்!"

மெசின் பிடித்தது. ஆனால் வள்ளம் மணல்முனையைச் சுற்றி வரவேண்டும். "மணியை நிப்பாட்டச் சொல்லு தங்கச்சி, நிண்டிருவார்!" என்று அபூசாலி கத்திக்கொண்டே போனார். கோயில் மணியின் ஒழுங்கு அவருக்குத் தெரியாது. மணி நின்றால் பூசை தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மூப்பர் இன்னும் விரைவாகத்தான் நடப்பார். அவரை நிற்க வைக்க ஒரு மணிதான் இருக்கிறது. காலை, மத்தியானம், மாலை அடிக்கிற திரிகால மணி. மும்மூன்றாக விட்டு விட்டு அடிக்கும். அது கேட்டால் சந்தையிலும் நிற்பார், கடலிலும் நிற்பார், கையைக் கூப்பிச் செபம் முடித்துத்தான் அடுத்த அடி வைப்பார்.

பஸ்ரியனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மணிச் சத்தத்தில் கேட்காது. திருப்பி அடித்தாள். தண்ணீர் விலாவுக்கு வந்தது. மூன்றாம் தடவை எடுத்தான்.

"திரிகால மணி அடி! மூண்டு மூண்டா!"

"இந்த நேரத்திலையோ அக்கா?"

"அடியடா, மனுசன் சாகுது!"

மணி நின்றது. அமிர்தநாயகம் எட்டி நடந்தார். நெஞ்சு மறைந்தது. மூன்று அடி விழுந்தது. அவர் நின்றார். தண்ணீருக்கு மேலே இரண்டு கையும் கூப்பியபடி வந்தன. பிறகு மூன்று. உதடுகள் அசைந்தன. வள்ளம் முனையைத் திரும்பியது. மூன்றாவது மூன்றும் விழுந்தது. இனிக் கடைசி அடிகள், அதோடு செபம் முடிந்துவிடும். அந்த இடைவெளியில், வைக்காமல் பிடித்திருந்த போனில் கத்தினாள்.

"முடிக்காதை! முதலிலையிருந்து அடி! நான் சொல்லுமட்டும் அடி!"

பஸ்ரியன் திருப்பி அடித்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவர் திருப்பிச் செபித்தார். அபூசாலி சேட்டுக் கொலரில் பிடித்தபோதும் கையைக் கூப்பியபடியேதான் இருந்தார்.

கரையில் ஊரே நின்றது. ஒருத்தி துவாய் கொண்டுவந்தாள், ஒருத்தி தேத்தண்ணி. கொக்கக்காவின் கமரா இல்லாவிட்டால் மூப்பர் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பகிடி பண்ணியவர்கள்தான் கூடுதலாகச் சொன்னார்கள். அமிர்தநாயகம் நடுங்கியபடி, பூசைக்குப் பிந்தினதற்குச் சுவாமியார் ஏசுவாரோ என்று அபூசாலியிடம் கேட்டார். மார்த்தா துவாயால் அவருடைய தலையைத் துடைத்தாள். அவர் அவளைப் பார்த்து, "உங்களுக்கு என்னாலை கரைச்சல்" என்றார்.

போன் அடித்தது. செய்தி அதற்குள் யாழ்ப்பாணம் போய்விட்டது. றோஸ்மேரி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு அப்பா இல்லை. மணியை மாத்தி அடிக்கச் சொல்ல வேறை ஆருக்குத் தெரியும்? இனி அந்தக் கட்டிலைப் பற்றி நான் கதைக்கேல்லை. உங்களோடையே இருக்கட்டும்."

மார்த்தா கூட்டத்தை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

"இல்லைப் பிள்ளை. வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போ."

"ஏனம்மா? ஒரு நிமிசம் கண் தவறுறது ஆருக்கும் வாறதுதானே."

"கண் தவறேல்லை றோஸ்மேரி" என்றாள் மார்த்தா. "அவர் தண்ணிக்குள்ள இறங்கேக்கை நான் மூண்டு படம் எடுத்தனான்."