எந்த முகத்துக்கு வைப்பது

ஜப்பானில், சுவா ஏரிக்கரைக் கோயிலில் கல்யாணம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை தமோத்சுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடிப்பு மடிப்பான கல்யாண உடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, கழுத்தில் கேமராவோடு, மழைக்கு ஒதுங்கிய கூட்டத்துக்குள் அலைந்துகொண்டிருந்தான். ஸ்டூடியோக்காரர் குடும்பப் படம் எடுத்துவிட்டுப் போன பிறகுதான் அவன் அப்பா குராதா வந்து சேர்ந்தார். விருந்துக்கு இருக்க மாட்டாராம். இரண்டு மணி ரயிலாம்.

அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது அவனுக்கு நாலு வயது. இருவரும் சேர்ந்திருக்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இனி எடுப்பதென்றால் இந்தப் பத்து நிமிடம்தான்.

கேமரா அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் புதுச் சரக்கு. தூரத்தைத் தானே அளந்துகொள்ளும். "அமுக்கினா போதும்" என்று ஆறு மாதமாகப் பெண் வீட்டார் காது புளிக்கப் பீற்றியிருந்தான்.

கூரையின் கீழே தூணோரம் அம்மா ஃபுமியே நின்றாள். இரண்டடி பின்தள்ளி, ஒரு ஆள் இடம் விட்டு அப்பா. தமோத்சு அமுக்கினான். பார்க்கும் கண்ணாடிக்குள் இருந்த முள், வெகுதூரம் என்று காட்டும் மலைச் சின்னத்துக்கு ஓடியது. இருவரையும் விட்டுவிட்டு, நடுச் சந்து வழியாகப் பின்னாலிருந்த தேவதாருவைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு முகத்தைக் காட்டி, அந்தத் தூரத்தை அப்படியே நிறுத்திவைக்க இந்த மாடலில் வழி கிடையாது. அது தேவையே இல்லை என்று ஆபீசில் வாதாடி ஜெயித்தவனே இவன்தான்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்களேன்."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"நடுவுல சந்து இருந்தா இதுக்கு ஆள் தெரியாதும்மா."

"ரெண்டு ஆள் நிக்கிறது தெரியாத மிஷினுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க? அதச் சரி பண்ணு. நான் நகர மாட்டேன்."

பெண்ணின் அண்ணன் வதாரு சிரித்துக்கொண்டே தன் பழைய கேமராவை நீட்டினான். "இந்தாங்க மாப்பிள்ளை. இதுக்கு மூளை கிடையாது, சொன்னபடி கேக்கும்."

தமோத்சு வாங்கிக் கண்ணில் வைத்தான். வளையத்தைத் திருப்பினான். அம்மா தெளிந்தாள், அப்பா கரைந்தார். மறுபடி திருப்பினான். அப்பா தெளிந்தார், அம்மா கரைந்தாள். மழை இருட்டு, லென்ஸை முழுக்கத் திறந்தால்தான் படம் விழும், திறந்தால் ஒரு முகம்தான் தெளியும். யாரை ரொம்பப் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் சின்ன வயதில் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். இங்கே ஒளிய இடமில்லை. மலைக்கு ஓடிய அந்த முள்ளின்மேல்கூட அவனுக்கு ஏக்கம் வந்தது. தப்போ சரியோ, அது இவனைக் கேட்காமல் முடிவு செய்தது.

வளையம் அங்கும் இங்கும் போவதையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குடா வச்சிருக்க?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"அந்தக் கேமராவுல அது நடக்காது. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

தமோத்சு கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் முகம் தெரிந்துவிடும். "அம்மாவுக்கு" என்றான்.

"சரி. அப்படியே எடு" என்றார் அப்பா. பிறகு குனிந்து தன் வெள்ளை டையைப் பார்த்து, கோணலாக இருந்த முடிச்சை நிதானமாக நேர் செய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.