தெயோதுலோ கொடுத்துவிட்ட போர்வை

டயாலிசிஸ் கூடத்துக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. ரத்தம் மணிக்கணக்கில் வெளியே குழாயில் சுற்றிவிட்டு வருகிறது, போதாக்குறைக்குத் தலைக்கு மேல் ஏசி. அதனால் இலோய்லோ நகரத்து அந்த மையத்துக்கு வருகிறவர்கள் சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் போர்வையை மறப்பதில்லை. தெயோதுலோவின் பச்சைக் கட்டம் போட்ட போர்வையை யாராவது தொட்டாலே போதும், சண்டைக்கு வந்துவிடுவார்.

சண்டை என்றால் அவருக்கு அல்வா. குயிமாராஸ் தீவுக்குப் படகோட்டிய மனிதர், குரலும் அதற்குத் தகுந்த மாதிரி. "ஊசியா இது, கடப்பாரையா?" என்று செவிலி ஜோவெலினை வம்புக்கு இழுக்காத நாளே கிடையாது.

கொஞ்ச நாளாக அந்த வாய் அடங்கியிருந்தது. குத்த வந்தால் கையை நீட்டினார், முடிந்ததும் நன்றி சொன்னார். எல்லோரும் மனோங், அண்ணன், என்று கூப்பிடுகிறவர் ஒரு வழியாகத் திருந்திவிட்டார் என்று மையமே கொண்டாடியது. ஜோவெலினும்தான். தொல்லை விட்டது என்ற நிம்மதி அவள் கண்ணையும் மறைத்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை ஊசியை எடுத்ததும், தெயோதுலோ போர்வையை மடித்துப் பக்கத்து நாற்காலி ஃபெலிசா அக்காவின் மடியில் வைத்தார்.

"வச்சுக்க மனாங். உனக்குத்தான் எப்பவும் நடுங்குது."

"சனிக்கிழமை நீ எதப் போத்திக்குவ?"

"எனக்கு வேண்டியிருக்காது."

அவர் மகள் புதுசு அனுப்பியிருப்பாள் என்று ஃபெலிசா சிரித்தாள். ஜோவெலினுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாற்காலிக்குத் திரும்பி வருகிற எவனும் போர்வையைத் தானம் செய்ய மாட்டான்.

கேட்பதா? தற்கொலை என்ற சொல்லை வாயால் சொன்னாலே கெட்டது நடக்கும் என்று சிலுவை போட்டுக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் வேறு. ஆனால் கேட்காமல் விட்டு, சனிக்கிழமை நாற்காலி காலியாகக் கிடந்தால்?

ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளே பிடித்துக்கொண்டாள்.

"மனோங், கோவிச்சுக்காதீங்க. நேராவே கேக்குறேன். செத்துடலாம்னு நினைக்கிறீங்களா?"

"யாரு சொன்னா?"

"போர்வைய கொடுத்துட்டீங்களே."

அவர் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"நேனிதா பாவம், இன்டாய் பொண்ணே. முன்னெல்லாம் சந்தைக்குப் போவா, பூசைக்குப் போவா, அரட்டை அடிப்பா. இப்ப என்னை இழுத்துக்கிட்டு அலையறதே பொழப்பாப் போச்சு. நான் போயிட்டா அவளாவது நிம்மதியா இருப்பா."

"அத அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"பொண்டாட்டிகிட்ட இத எப்படிக் கேக்குறது?"

"இப்ப நான் கேட்ட மாதிரிதான்." அவள் கையை எடுக்கவில்லை. "இத நான் மூடி மறைக்க மாட்டேன், மனோங். டாக்டர்கிட்ட சொல்லுவேன், மனாங் நேனிதாகிட்டயும் சொல்லுவேன். உங்கள இன்னிக்குத் தனியா விடப்போறதில்ல."

"சொல்லித் தொலை," என்றார். அதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் வந்தார், மனநல மருத்துவருக்கு ஆள் போனது. வெளியே பெஞ்சில் இருந்த நேனிதா விஷயம் கேட்டு ஓடிவந்து, அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"என் நிம்மதி எதுன்னு முடிவு பண்ண நீ யாரு? என்னைக் கேட்டியா?" என்று ஓவென்று அழுதாள். அவரும் அழுதார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் மருத்துவரிடம் பேச வேண்டும் என்றார்கள். முறை வைத்து அவரை அழைத்துவரத் தன் தங்கையையும் சேர்த்துக்கொண்டாள் நேனிதா. வீட்டில் அவரை யாரும் தனியே விடவில்லை.

சனிக்கிழமை ஃபெலிசா பச்சைப் போர்வைக்குள் கழுத்துவரை புதைந்திருந்தாள். எதிரே வந்து நின்றார் தெயோதுலோ.

"மனாங், போர்வையக் குடு."

"குடுத்தத திருப்பிக் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல. குளிருது, குடு."

திட்டிக்கொண்டே அவள் உருவிக் கொடுத்தாள். அதைப் போர்த்திக்கொண்டு சாய்ந்தவர், ஜோவெலின் ஊசியோடு வருவதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வந்துட்டா, கடப்பாரையத் தூக்கிக்கிட்டு!"

இத்தனை வருஷத்தில் அந்தத் திட்டு இவ்வளவு இனித்ததில்லை அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கைய நீட்டுங்க மனோங்," என்றாள்.