தேய்ந்துபோன சிங்க முத்திரை

பல் டாக்டரம்மாவுக்குப் பழைய இங்கிலீஷ் வெள்ளி ஸ்பூன்கள் என்றால் உயிர். இருபது வருஷமாக அலைந்து பதினோரு ஸ்பூன்கள் சேர்த்திருந்தாள். அவள் வெளியூர் போயிருந்த வாரத்தில், அக்காவைச் சந்தோஷப்படுத்த நினைத்த தம்பி, அவற்றைப் பாலிஷ் கடையில் கொடுத்து மெஷினில் தேய்த்து வாங்கி வைத்திருந்தான்.

"கண்ணாடி மாதிரி மின்னுது பாருக்கா!"

அவள் ஒன்றை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தாள். அசல் வெள்ளி என்பதற்கு அடையாளமான சிங்க முத்திரை இல்லை, செய்த வருஷத்தைச் சொல்லும் எழுத்தும் இல்லை, மொழுமொழுவென்றிருந்தது. பதினொன்றும் அப்படித்தான்.

"யாரைக் கேட்டுடா தொட்ட? இருநூறு வருஷமா தேயாததை ஒரே நாள்ல தேய்ச்சுட்டியே!"

"அழுக்குதானேக்கா போச்சு? இதுக்குப் போயா?" என்று அவன் சிரித்தான்.

எப்போதும் 'கரண்டிப் பைத்தியம்' என்று அவளைக் கேலி செய்யும் கணவர், பேப்பரை வீசிவிட்டு எழுந்தார். "சிரிக்காதே மாப்ளே. முதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு."

தம்பி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா" என்றாள் அவள்.

சத்தமாகவே கேட்டான். அப்போதும் அவளுக்கு ஆறவில்லை. அவனிடமிருந்த வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் அவனை வெளியே அனுப்பினாள்.